சீசன் அறிந்து சுற்றுலா விற்போம்: வீட்டிலிருந்தே நடத்தும் பயண ஏற்பாட்டுத் தொழில்

ஆடி பிறந்ததுமே தீபாவளிச் சரக்கைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம். பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கும்போதே நோட்டுப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்குகின்றன. கோடை தொடங்குமுன் மின்விசிறியும், மழை தொடங்குமுன் குடையும் கடைக்கு வந்துவிட வேண்டும். வாடிக்கையாளர் கேட்ட பிறகு சரக்கைத் தேடி ஓடினால் வியாபாரம் ஆகாது. அவர் கேட்கப் போவதை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பதே வியாபாரம். இது நம் உறுப்பினர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய பாடமல்ல.

இதே அறிவை மூலதனமாக வைத்து, வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய தொழில் ஒன்று உண்டு. அதுதான் சுற்றுலா ஏற்பாட்டுத் தொழில். இதற்குக் கடை வாடகை இல்லை, கிடங்கு இல்லை. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, கணக்கு எழுத ஒரு நோட்டு இருந்தால் தொடங்கிவிடலாம். நம் உறுப்பினர் வீட்டுப் பெண்கள், பிள்ளைகளிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கும் பெரியவர்கள், படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் எனப் பலருக்கும் இது பொருந்தும். ஆனால் முதல் குறைவு என்பதாலேயே இதில் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. எங்கே லாபம் இருக்கிறது, எங்கே கால் வழுக்கும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

டிக்கெட் எடுத்துக் கொடுப்பது மட்டும் தொழிலாகாது

முன்பெல்லாம் பயண முகவர் என்றால் டிக்கெட் எடுத்துத் தருபவர். விமான நிறுவனம் கொடுக்கும் கமிஷனே அவருடைய வருமானம். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தக் கமிஷன் படிப்படியாகச் சுருங்கி, பெரும்பாலும் இல்லை என்றே ஆகிவிட்டது. இன்று ரயில், பஸ், விமானம் எதுவானாலும் அவரவர் கைபேசியிலேயே பதிவு செய்துகொள்கிறார்கள். அந்த விலையோடு போட்டி போட்டு நாம் ஜெயிக்க முடியாது.

அப்படியானால் நம்மிடம் விற்க என்ன இருக்கிறது? எங்கே போகலாம், எப்போது போனால் கூட்டம் குறைவு, எழுபது வயது அம்மாவை அழைத்துப் போனால் எத்தனை படி ஏற வேண்டியிருக்கும், தங்குமிடத்தில் மேற்கத்திய கழிப்பறை உண்டா, சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, கவலையில்லாமல் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவதுதான் நம் சரக்கு. கைபேசியில் இருக்கை கிடைக்கும். இந்தப் பொறுப்பு கிடைக்காது.

ஒரு தச்சர் காட்டிய வழி

பயண ஏற்பாட்டுத் தொழிலின் முன்னோடி என்று உலகம் சொல்லும் தாமஸ் குக், இங்கிலாந்தில் மரச்சாமான் செய்துவந்த தச்சர். மதுவிலக்குப் பிரசாரத்தில் ஈடுபாடு கொண்டவர். அவர் பகுதிக்கு அப்போதுதான் ரயில் பாதை வந்திருந்தது. 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரிலிருந்து லாஃபரோ என்னும் ஊரில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துச் சென்றார். தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ரயில் என்ற புதுமை அந்த ஊரில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் அதில் ஏறி வரக்கூடிய 500 பேர் யார் என்பது குக்குக்குத் தெரிந்திருந்தது. பயணத்தில் வரும் புதுப் போக்கு ஊருக்கே பொது. நமக்குப் பழக்கமான வீடுகள் நமக்கு மட்டுமே சொந்தம். இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவதுதான் இத்தொழிலின் சூட்சுமம்.

போக்குகள் நான்கு வகை

மக்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. மாற்றம் எதனால் வந்தது என்று பார்த்தால், அது எத்தனை காலம் நிற்கும் என்பது ஓரளவு புலப்படும்.

முதலாவது, காலண்டரில் வருவது. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகள், ஆடி வெள்ளி, ஐயப்பன் சீசன், தை மாதத்துப் பழனி யாத்திரை ஆகியவை ஆண்டுதோறும் தவறாமல் வரும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவையும் உண்டு. கும்பகோணம் மகாமகம் 2016-இல் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2028. மூணாறில் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. காஞ்சிபுரம் அத்திவரதர் 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் 48 நாட்கள் தரிசனம் தந்தபோது நாடே திரண்டது. அந்த ஆண்டு வரும் என்பது நாற்பது ஆண்டுகளாகவே தெரிந்த விஷயம். பஞ்சாங்கமும் பள்ளி விடுமுறைப் பட்டியலும் நம் மேசையில் எப்போதும் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது, பாதையால் வருவது. புதிய ரயில், புதிய பாலம், புதிய விமானத் தடம் வந்தால் மக்கள் போக்கு மாறும். சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் ரயில் 2023 செப்டம்பரில் தொடங்கியது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்ட பிறகு, ராமேசுவரம் செல்வோர் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதும் மீண்டும் ரயிலிலேயே ராமேசுவரத்தில் இறங்க முடிந்தது. முதியோர் குழுக்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஏற்கெனவே குமரியைப் பார்த்தவர்களையும் மறுபடி அழைக்க அது ஒரு காரணமாயிற்று. பாதையால் வரும் போக்கு மெதுவாக எழும். ஆனால் நிலைத்து நிற்கும்.

மூன்றாவது, விதியால் வருவது. தாய்லாந்து 2023 நவம்பரிலும், மலேசியா அதே ஆண்டு டிசம்பர் 1 முதலும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தன. அதுவரை வெளிநாட்டை எண்ணிப் பாராத குடும்பங்களும் பாஸ்போர்ட் எடுத்தன. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானமும் இருப்பதால், பத்துமலை முருகனைத் தரிசிக்கும் ஆசை கைக்கெட்டியது. விதி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைக்கப்பட்டது. இது தெரியாமல் மே மாதத்து ஊட்டிக்குப் பணம் வாங்கியவர் திண்டாடினார். தெரிந்தவர் ஏற்காட்டையும் வால்பாறையையும் எடுத்துச் சொன்னார். விதி ஓர் அறிவிப்பில் வரும், இன்னோர் அறிவிப்பில் போகும். ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் பணம் வாங்குமுன் அன்றைய விதியைப் பார்த்துவிட வேண்டும்.

நான்காவது, பேச்சால் வருவது. 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வெளியானதும் கொடைக்கானல் குணா குகைக்குக் கூட்டம் அலைமோதியது. கைபேசியில் ஒரு படம் பரவினால் ஓர் அருவிக்கு ஆயிரம் பேர் கிளம்புகிறார்கள். இது திருவிழாக் கடைப் பொம்மை போன்றது. விற்கும் வரை நன்றாக விற்கும், மறுவாரம் கேட்பாரில்லை. இதற்குப் பெரிதாகப் பணம் முடக்கக் கூடாது. ஏற்கெனவே கொடைக்கானலுக்குப் போகும் குழுவுக்கு ஓர் இடத்தைக் கூட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

யாருக்கு விற்பது?

போக்கு தெரிந்தாயிற்று. அடுத்து நம் பேரேட்டைத் திறப்போம். மளிகைக் கடைக்காரருக்கு எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வீட்டில் விரதம், எந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு என்பதெல்லாம் தெரியும். பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்துத் தேடும் விவரம் நம் நாவிலேயே இருக்கிறது. ஒரு நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களின் வயது, எப்போது விடுப்புக் கிடைக்கும், இதுவரை போன இடங்கள், போக விரும்பும் இடம், உடல்நிலை, சாப்பாட்டுப் பழக்கம், எவ்வளவு செலவு செய்வார்கள் என்பவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். ஓராண்டில் நூறு பக்கம் சேர்ந்தால் அதுவே பெரிய முதல். ஆனால் கடைக்கு வந்தவர் சொன்ன வீட்டு விஷயம் நம் நோட்டைத் தாண்டிப் போகக் கூடாது.

இந்த நோட்டைப் புரட்டும்போது கூட்டம் தானாகப் பிரியும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு விடுமுறைக் காலம் வேண்டியதில்லை. கூட்டமும் வாடகையும் குறைந்த ஜூலை, பிப்ரவரி மாதங்களை அவர்களுக்குச் சொல்லலாம். பள்ளிப் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு மே மாதத்தை விட்டால் காலாண்டு, அரையாண்டு விடுமுறைதான். வணிகக் குடும்பங்களுக்கோ பண்டிகை விற்பனை முடிந்து கடை ஓயும் வாரமும், மே 5 வணிகர் தினத்தை ஒட்டிய நாட்களும்தான் வசதி. நம் சங்கத்தாரே நமக்கு நல்ல வாடிக்கையாளர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

விளம்பரத்துக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆண்டுதோறும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் காலண்டரில், நாம் நடத்தப் போகும் நான்கு பயணங்களின் மாதத்தை அச்சிட்டுவிட்டால் அது ஆண்டு முழுவதும் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே செய்தியைத் தினமும் அனுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். “அம்மாவுக்கு ராமேசுவரம் போக ஆசை என்றீர்களே, இப்போது ரயில் நேராகப் போகிறது, தை மாதம் பன்னிரண்டு பேர் கிளம்புகிறோம்” என்று உரிய வீட்டுக்கு மட்டும் சொன்னால் அந்த ஒரு வரி போதும்.

காலக் கணக்கு

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. இதற்கேற்ப நம் வேலையை வகுத்துக்கொள்ள வேண்டும். புறப்படும் நாளுக்கு 90 நாள் முன்பே பயணத்தை அறிவித்து, 75-ஆம் நாளுக்குள் யார் யார் வருகிறார்கள் என்று உறுதி செய்து பெயர், வயது, அடையாள அட்டை விவரங்களை வாங்கிவிட்டால், 60-ஆம் நாள் காலையில் பதிவுக்குத் தயாராக இருக்கலாம். வெளிநாட்டுப் பயணம் என்றால் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மீதி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

உதாரணமாக, இரண்டு நாள் நவக்கிரகச் சுற்றுலாவை எடுத்துக்கொள்வோம். வண்டியில் பதின்மூன்று இருக்கை. ஒன்று நமக்கு, பன்னிரண்டு விற்பனைக்கு. வண்டி வாடகை, ஓட்டுநர் பேட்டா, சுங்கம் சேர்த்து 14,000 ரூபாய். அறை வாடகை 6,000. நம் சாப்பாடும் சில்லறைச் செலவுகளும் 3,400. ஆக, எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு 23,400 ரூபாய். இத்துடன் ஒவ்வொருவர் சாப்பாட்டுக்கும் 800 ரூபாய். கட்டணம் தலைக்கு 3,500 என்று வைப்போம்.

பன்னிரண்டு பேரும் வந்தால் வரவு 42,000, செலவு 33,000, லாபம் 9,000. ஒன்பது பேர் வந்தால் லாபம் வெறும் 900. எட்டுப் பேரே வந்தால் 1,800 ரூபாய் நஷ்டம். அதாவது முதல் ஒன்பது இருக்கை செலவை ஈடுகட்டுகிறது. கடைசி மூன்று இருக்கைதான் லாபம் தருகிறது. பருப்பு விற்காவிட்டால் அடுத்த வாரம் விற்கலாம். வண்டி புறப்பட்ட பிறகு காலி இருக்கையை யாரிடம் விற்பது? அது மாலைக்குள் விற்றாக வேண்டிய பூவைப் போன்றது. எனவே போக்கு நன்றாக இருக்கிறது என்று முதலிலேயே இரண்டு வண்டி பேசிவிடாமல், ஒரு வண்டி நிறைந்து மேலும் ஒன்பது பேர் முன்பணம் கட்டிய பிறகே இரண்டாவது வண்டியைப் பேசுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும்.

முன்பணம் நம் பணமல்ல

இத்தொழிலில் மிகப் பலர் விழும் குழி இதுதான். கடையில் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்குகிறோம். பல சமயம் கடனாகவும் கொடுக்கிறோம். சுற்றுலாவிலோ பணம் முதலில் வருகிறது, சரக்கு மூன்று மாதம் கழித்துத்தான் போய்ச் சேருகிறது. இடையில் கையில் புழங்கும் அந்தப் பணம் நம்முடையது போலத் தோன்றும். கடைக்கு அவசரக் கொள்முதல் வந்தால் அதிலிருந்து எடுக்கச் சொல்லும். எடுத்தால் கெட்டோம்.

போக்கு எவ்வளவு பலமாக இருந்தாலும் ஒரே நாளில் முறியக்கூடும். 2018-இல் குறிஞ்சி பூத்த ஆண்டிலேயே ஆகஸ்டு வெள்ளம் கேரளத்தைப் புரட்டிப் போட்டது. 2020 மார்ச்சில் நாடே அடங்கியது. 2023 மே 3 அன்று கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் நின்றன. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 உயிர்கள் பறிக்கப்பட்டன; அந்தக் கோடைக்கு மக்கள் போட்டிருந்த காஷ்மீர்த் திட்டங்கள் பெருமளவில் ரத்தாயின. தாமஸ் குக் நிறுவனமே 178 ஆண்டுகள் நடந்த பின் 2019 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனில் மூடப்பட்டபோது, வெளிநாடுகளில் இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டன் பயணிகளை அந்நாட்டு அரசு ஏற்பாடு செய்து அழைத்துவர நேர்ந்தது. (இந்தியாவில் அப்பெயரில் இயங்கும் நிறுவனம் 2012-லேயே தனியாகிவிட்டதால் அதற்குப் பாதிப்பில்லை.)

நமக்குத் தெரிந்த ஒரு மளிகை வியாபாரியின் துணைவியார், 2020 ஏப்ரலில் காசி போக இருபது பேரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். ரத்தான ரயிலுக்கு ரயில்வே முழுப்பணத்தையும் திருப்பித் தந்தது. விடுதிக்குக் கட்டிய முன்பணம் மட்டும் திரும்பவில்லை. அந்த அம்மையார் யாரும் கேட்குமுன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கணக்கைக் காட்டினார். விடுதிப் பணத்தைத் தம் கையிலிருந்து ஏழு மாதத்தில் கொடுத்துத் தீர்த்தார். இன்று அவர் பயணம் அறிவித்தால் முதலில் பெயர் கொடுப்பது அந்த இருபது வீட்டார்தான். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள் உண்டு, நேர்மை என்றும் பொருள் உண்டு என்பதை வணிகர்களாகிய நமக்கு வேறு யார் சொல்லித்தர வேண்டும்?

ஆகவே பயணப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுங்கள். கட்டணத்தில் எது சேரும், எது சேராது, ஓர் அறைக்கு எத்தனை பேர், ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதைப் பணம் வாங்குமுன் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விடுதிக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் அதே நிபந்தனையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரே ஊரை நம்பி ஆண்டு முழுவதையும் ஒப்படைக்காமல், கோயில், மலை, கடல், வெளிமாநிலம் என்று பிரித்து வையுங்கள்.

சட்டத்தை மீறாதீர்கள்

சொந்தப் பெயரில் எடுத்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் பிறருக்கு டிக்கெட் எடுத்து லாபம் வைத்து விற்பது குற்றம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். முறைப்படி முகவராகப் பதிவு செய்யுங்கள். அல்லது பதிவு பெற்ற முகவர் மூலமே எடுங்கள்.

ஜி.எஸ்.டி.யில் நம் உறுப்பினர்கள் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டு, சுற்றுலாவுக்கு வரி இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கு பான் எண்ணை வைத்தே பார்க்கப்படும். கடை உங்கள் பெயரில் பதிவாகியிருந்து சுற்றுலாவையும் நீங்களே நடத்தினால், முதல் பயணத்திலிருந்தே வரி உண்டு. துணைவியாரே தம் பான் எண்ணில் உண்மையாக நடத்தினால் அது வேறு கணக்கு. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு வாடிக்கையாளரிடம் வருமான வரியை முன்கூட்டியே வசூலிக்கும் டி.சி.எஸ். விதி 2020 அக்டோபர் 1 முதல் உள்ளது. அதன் விகிதம் பலமுறை மாறியிருப்பதால், ஆடிட்டரைக் கேட்காமல் விலை சொல்ல வேண்டாம்.

முதல் ஆண்டில் நான்கு பயணம் போதும். இரண்டு காலண்டரை நம்பி, ஒன்று புதிய பாதையை நம்பி, ஒன்று வாடிக்கையாளர்களே கேட்கும் ஊருக்கு. பயணம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் ஒவ்வொருவரையும் அழைத்து, “கால் வலி எப்படி இருக்கிறது, அம்மா?” என்று விசாரியுங்கள். அடுத்த பயணத்தின் விற்பனை அந்த விசாரிப்பிலேயே தொடங்கிவிடும்.